பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

ஜெபஷீலா அக்கா கூப்பிட்டபோது கீழே மண்டியில் வாழைத்தார் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கம்பத்தில் நான் குடியிருப்பது அந்த மண்டியின் மாடியில். ஏலம் முடியும்வரை போனில் யார் பேசுவதும் காதில் விழாது. ஜன்னலைச் சாத்திவிட்டு, குளியலறைக்குள் போய் நின்றுகொண்டு பேசினேன்.

"தம்பி, நம்ம வெப்சைட்டு என்னமோ திட்டுது."

"என்னன்னு திட்டுதுக்கா?"

"இங்கிலீஷ்ல. மேலாப்புல நாலு வரி. நோட்டீஸ்னு ஆரம்பிக்குது. எங்க வீட்டுக்காரரு முனிசிபாலிட்டிக்காரன்தான் கம்ப்யூட்டர் வழியா அனுப்பிட்டான்னு பயந்துபோயி வரி ரசீதத் தேடிக்கிட்டு இருக்காக."

"ரசீத உள்ள வைக்கச் சொல்லுங்க. நான் பாக்குறேன்."

"ஒரு மாசமா ஃபாரம் வர்றதும் கொறைஞ்சு போச்சு. அதையும் பாரு. கண்ணுல படாமப் பண்ணுனாப் போதும்."

ஜெபஷீலா அக்கா தேனியில் பெண்கள் விடுதி நடத்துகிறார். நர்சுகள், பேங்கில் வேலை பார்ப்பவர்கள், பரீட்சைக்குப் படிக்க வந்தவர்கள் தங்குகிறார்கள். அறை வேண்டும் என்றால் வெப்சைட்டில் ஃபாரம் நிரப்பி அனுப்ப வேண்டும். அது அக்காவுக்கு மெயிலாகப் போகும். அவர் கூப்பிட்டுப் பேசி, பிடித்திருந்தால் வரச் சொல்வார். வெப்சைட்டைச் செய்து கொடுத்தவன் அவருடைய நாத்தனார் மகன் அஜய்குமார். அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். போனை எடுப்பதில்லை. அதனால் அது என்னிடம் வந்தது. என்னிடம் வரும் எல்லா வெப்சைட்டும் இப்படி யாரோ ஒருவன் போனை எடுக்காததால் வருவதுதான்.

இதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்தேன். அமெரிக்காவில் வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குச் சாட்டில் பதில் சொல்லும் வேலை. சேர்ந்த அன்று கம்ப்யூட்டர் கடைசிப் பெயர் கேட்டது. எனக்கு ஏது கடைசிப் பெயர்? பெயர் சுருளியாண்டி, முன்னால் ஒரு சி. அந்தச் சி-யை விரித்து என் அப்பா பெயரைக் கடைசியில் போட்டுவிட்டார்கள். அதன்பின் டெக்ஸாஸில் இருப்பவனும் ஒஹையோவில் இருப்பவனும் என்னை மிஸ்டர் சின்னக்கருப்பு என்று கூப்பிட்டுத் திட்டினார்கள். நிஜ சின்னக்கருப்பு லோயர் கேம்ப்பில் வாய்க்கால் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருட்டியதும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே விடிய விடிய வெள்ளைக்காரனிடம் ஏச்சு வாங்கினார்.

ஒரு சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து கீழே ஹாரன் அடித்தது. நான் இறங்கிப் போகவில்லை. அவ்வளவுதான். காரணம் கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கம்பத்துக்கு வந்து இந்த மாடியை வாடகைக்கு எடுத்தேன். அப்பா லோயர் கேம்ப்பில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். போவதில்லை. சண்டை கிடையாது. பேச ஒன்றும் இல்லை. ராத்திரி முழித்துப் பழகிய உடம்பு இன்னும் திருந்தவில்லை. விடியற்காலை எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கத்தத் தொடங்கும்போது எனக்குத் தூக்கம் வரும். மத்தியானம் எழுந்து வேலை பார்ப்பேன். சில நாட்களில் நான் மனிதரிடம் பேசும் ஒரே பேச்சு கடையில் "ரெண்டு பரோட்டா" என்பதுதான். அதையும் இப்போது கடைக்காரர் கேட்காமலே வைத்துவிடுகிறார்.

ஏலம் ஓய்ந்ததும் அக்காவின் வெப்சைட்டைத் திறந்தேன்.

பிஎச்பி என்பது இந்த வெப்சைட்டுகளை ஓட்டும் மொழி. அதில் நோட்டீஸ் என்பது உண்மையில் பிழையே இல்லை. ஏதோ ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு, நிற்காமல் மேலே போய்க்கொண்டிருக்கும். சாதாரணமாக அது யார் கண்ணிலும் படாது. போன மாதம் சர்வர்காரர்கள் வெப்சைட்டை வேறு இயந்திரத்துக்கு மாற்றியபோது எல்லாவற்றையும் திரையில் காட்டு என்ற அமைப்பு எப்படியோ ஆன் ஆகிவிட்டது. அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தது வாய்விட்டுப் பேச ஆரம்பித்துவிட்டது.

முதல் நோட்டீஸ் பிளகினில் இருந்து, அதாவது வெப்சைட்டில் தனியாகச் செருகிக்கொள்ளும் ஒரு துணைக் கருவியில் இருந்து, வந்தது. ஃபாரத்தை வாங்கிச் சேமிக்கும் பிளகின் அது. புதிய பதிப்பில் ஒரு அமைப்பின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், அது பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. அமைப்புப் பக்கத்தைத் திறந்து மறுபடி சேமித்தேன். போய்விட்டது.

இரண்டாவது சைல்ட் தீமில் இருந்து. தீம் என்பது வெப்சைட் போட்டிருக்கும் சட்டை. கடையில் வாங்கிய சட்டையில் நேரடியாகக் கை வைத்தால், அடுத்த புதிய பதிப்பு வரும்போது நாம் செய்த மாற்றம் எல்லாம் போய்விடும். அதனால் மாற்றங்களைத் தனியாக ஒரு குட்டித் தீமில் எழுதுவார்கள். அந்தக் குட்டியின் முதல் சில வரிகளில் அதன் பெற்றோர் யார் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது வேலை செய்யாது. அஜய்குமார் அதைச் சரியாக எழுதியிருந்தான். நோட்டீஸ் வேறு எங்கோ, நாற்பத்து மூன்றாம் வரியில் இருந்து வந்திருப்பதாக, நோட்டீஸ்களைக் குறித்து வைக்கும் பதிவு சொன்னது.

ஆனால் நான் சோதித்தபோது அந்த நோட்டீஸ் வரவில்லை. நான் ஃபாரத்தை நிரப்பி அனுப்பினேன், ஒழுங்காகப் போனது. மறுபடி அனுப்பினேன், போனது. பெயர், ஊர், வேலை, தந்தை அல்லது கணவர் பெயர், போன் நம்பர். ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன். எப்போதும் அப்படித்தான் நிரப்புவேன். வந்த வரையில் போதும் என்று, எதையும் திரையில் காட்டாதே என்று அமைத்துவிட்டு அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது.

மறுநாள் மத்தியானம் மறுபடி கூப்பிட்டார்.

"தம்பி, ஃபாரம் வந்துருச்சு. ஆனா பேருக்கு முன்னால வெறும் புள்ளி வருது."

"என்ன புள்ளி?"

"புள்ளிதான். எல்லாருக்கும் இனிசியலு, புள்ளி, பேருன்னு வரும்ல. இதுல இனிசியலக் காணோம். புள்ளி, அனுசுயா. அம்புட்டுத்தான். கீழ அந்த இன்னொரு பேரும் காலியா இருக்கு."

"அந்தப் பொண்ணு போடல போல."

"பேரு இல்லாம நான் எப்படிச் சேக்குறது? அந்த எடத்துல ஒரு ஸ்டார் போட்டுரு. போடாம அனுப்ப முடியாத மாதிரி."

"இந்தப் பொண்ணுக்கு?"

"பேரு குடுத்தா ரூம் குடுக்கேன். குடுக்கலைன்னா இல்ல. வம்ப வெலைக்கு வாங்க முடியாதுப்பா."

நாற்பத்து மூன்றாம் வரியைத் திறந்தேன். அஜய்குமார் என்ன செய்திருக்கிறான் என்று இப்போது புரிந்தது. தந்தை அல்லது கணவர் பெயரின் முதல் எழுத்தை எடுத்து, புள்ளி வைத்து, பெண்ணின் பெயருக்கு முன்னால் ஒட்டுகிறான். தமிழில் நிரப்பினால் முதல் எழுத்துக்குப் பதில் ஒரு கறுப்புக் கட்டம் வரும். நல்லவேளை, யாரும் தமிழில் நிரப்புவதில்லை. கட்டம் காலியாக இருந்தால் எடுக்க எழுத்து இல்லை. இல்லாத சொல்லின் முதல் எழுத்தைக் கேட்கிறாய் என்று பிஎச்பி சொல்கிறது. அதுதான் அந்த நோட்டீஸ்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஃபாரம் போனதும் நன்றி சொல்லும் பக்கத்துக்குப் போக வேண்டும், அந்தப் பக்கம் திறந்தால்தான் அக்காவுக்கு மெயில் போகும் என்று எழுதி வைத்திருந்தான். திரையில் ஒரு எழுத்து விழுந்துவிட்டாலும் அடுத்த பக்கத்துக்குத் தாவ முடியாது. ஆக ஒரு மாதமாக, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் எல்லாரும் நான்கு வரி இங்கிலீஷைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறார்கள். மெயில் போகவில்லை. பிளகின் மட்டும் தன் பங்குக்கு எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்தது. போய்ப் பார்த்தேன். மேலே நின்ற இங்கிலீஷைப் பார்த்தே மற்றவர்கள் பயந்து திரும்பியிருப்பார்கள்; காலியாக விட்டு அனுப்பியது ஒரே ஒருத்தி. திரும்பத் திரும்ப அதே பெயர். அனுசுயா, அனுசுயா, அனுசுயா. கடைசி ஒன்று மட்டும், நான் நோட்டீஸை மறைத்த பிறகு, புள்ளியோடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஸ்டார் போடுவது இரண்டு நிமிட வேலை. போட்டேன். காலியாக விட்டு அனுப்பிப் பார்த்தேன். கட்டத்தைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு வந்தது. இனி நோட்டீஸ் வராது. புள்ளியும் வராது. அவளும் வர முடியாது.

இதில் எனக்கு என்ன வந்தது? ஒன்றும் இல்லை. இரக்கப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தி ஒரு மாதமாக என் வேலை இருக்கும் இடத்தில் வந்து தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், ஏன் என்று கேட்காமல் கதவை மூடியிருக்கிறேன் என்பது உறுத்தியது. ஃபாரத்தில் போன் நம்பர் இருந்தது. அந்த நம்பரில் நான் கூப்பிடக் கூடாது என்று தெரியும். கூப்பிட்டேன்.

"அனுசுயாங்களா?"

"யாரு?"

"தேனி லேடீஸ் ஹாஸ்டல் வெப்சைட் பாக்குறவன். ஃபாரம் போட்டிருந்தீங்கல்ல."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவள் நடந்து வெளியே வருவது சத்தத்தில் தெரிந்தது.

"லேடீஸ் ஹாஸ்டலுங்குறீக. ஆம்பளக் கொரலா இருக்கு."

"நான் ஹாஸ்டல் இல்ல. வெப்சைட் மட்டும்தான்."

"அவரு சொல்லித்தான் கூப்புடுறீகளா?"

"எவரு?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீக. நான் எங்க இருக்கேன்னு எம் வாயில வரவழைக்கத்தான கூப்பிட்டீக?"

"எங்க இருக்கீங்கன்னு எனக்கு வேணாம். சொல்லாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வச்சுர்றேன். ஃபாரம் அனுப்புனதும் இங்கிலீஷ்ல வரி வந்துச்சா?"

மிக்ஸி நின்றது.

"வந்துச்சு."

"கடைசியில ஒரு நம்பர் இருந்திருக்கும்."

"லைன் நாப்பத்து மூணு." யோசிக்காமல் சொன்னாள். "ஒவ்வொரு வாட்டியும் நாப்பத்து மூணு. அந்தக் கட்டத்துல ஒண்ணும் போடாம விட்டதுனால கம்ப்யூட்டரு கண்டுபிடிச்சுருச்சுன்னு நெனைச்சேன்."

"என்னத்தக் கண்டுபிடிக்கும்?"

"வீட்ட விட்டு வந்தவன்னு."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"அது கண்டுபிடிக்கல. ஒரு பையன் தப்பா எழுதி வச்சுட்டான், அவ்வளவுதான். மறுபடி மறுபடி எதுக்குப் போட்டீங்க?"

"வேற எங்கன போனாலும் அப்பாவக் கூட்டிட்டு வான்னாக. இது ஒண்ணுதான் போன்லயே போடுற மாதிரி இருந்துச்சு. ஒருநா இல்லாட்டி ஒருநா எடுத்துக்கிரும்னு போட்டேன்."

பிறகு அவளே சொன்னாள். தேனியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். இப்போது சின்னமனூரில் கூடப் படித்தவள் வீட்டில் இருக்கிறாள்.

"அவ தங்கமானவதான். அவ மாமியாருதான், நேத்து எம் பைய எடுத்து வாசல்ல வச்சுட்டாக. வீடு கூட்டுறதுக்காம். கூட்டி முடிச்சும் பையி வாசல்லயேதான் இருக்கு. திங்கக்கெழம வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல எங்க ஊரு போடிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். ஏறுனா வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"ஏதாவது ஒரு பேரப் போட்டிருக்கலாம்ல?"

"எந்தப் பேர? போடி பஜார்ல எங்கப்பா கடையத் தெரியாத ஆளு கெடையாது. அவரு பேரப் பாத்தா அந்த ஹாஸ்டல் அக்கா ஒரு போனப் போடுவாக. அப்பா உடனே எங்க வீட்டுக்காரருக்குப் போடுவாரு. சாயங்காலம் வந்து கேட்ல நிப்பாரு. அவரு பேரப் போட்டா நேராவே வந்துருவாரு. அதான் போடல."

"பொய்யா ஒண்ணு?"

"ஆதார் கார்டக் கேப்பாகல்ல? நேர்ல போயி நின்னா நானே எல்லாத்தையும் சொல்லிருவேன். மனுசின்னா மனசு எறங்கும். ஃபாரத்துக்கு மனசு ஏது?"

மிக்ஸி மறுபடி ஓடியது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"ரூம் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க சார்."

"அது எனக்குத் தெரியாது. கேட்டுட்டுக் கூப்புடுறேன்" என்றேன். இதைத்தான் சென்னையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே கேட்டதும் இல்லை, கூப்பிட்டதும் இல்லை.

ஜெபஷீலா அக்கா போனை எடுத்ததும், "ஸ்டார் போட்டியா?" என்றார்.

"போட்டாச்சு. அக்கா, அந்தப் பேரு உங்களுக்கு எதுக்கு?"

"எந்தப் பேரு?"

"அந்தப் பொண்ணு போடாம விட்டது."

"எதுக்கா? நல்லாக் கேட்ட போ. போன வருசம் எங்க ஹாஸ்டல்ல நடந்தது உனக்குத் தெரியாதுல்ல. பேங்குல வேல பாத்த பிள்ள ஒண்ணு. ஒருத்தன் வந்து அண்ணன்னான். கேட்டுல காவலுக்கு இருக்குற பாண்டியம்மா தொறந்து விட்டுட்டா. அண்ணன் இல்ல, புருசன். அந்தப் பிள்ளைய மாடிப்படியில முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டு வாரான். நாங்க எல்லாரும் வெளக்கமாத்த எடுத்துக்கிட்டுப் போயி வெளுத்தோம். ஓடுனவன் ஒரு செருப்ப விட்டுட்டு ஓடுனான். அன்னைக்கே அஜய்குமார்கிட்டச் சொல்லிட்டேன். ஏலே, பிள்ளைக சேரும்போதே ஒரு பேரு வாங்கி வச்சுக்கிரணும், எவன் வந்தாக் கேட்டோட நிறுத்தணும்னு. ஃபாரத்துல அதுக்கு ஒரு எடம் வையின்னு. வச்சுட்டேன் அத்தைன்னான்."

நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்க அந்த ஃபாரத்த என்னைக்காவது தொறந்து பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்குப் பாக்குறேன்? எனக்கு மெயிலு வருதுல்ல. பேருன்னு ஒரு வரி, அதுக்குக் கீழ வாசல் கேட்டுன்னு ஒரு வரி. கேட்டுக்கு நேரா உள்ள பேரப் பாண்டியம்மாகிட்டச் சொல்லிருவேன். அவ மனசுல வச்சுக்கிருவா."

"அந்த எடத்துல ஃபாரத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? தந்தை அல்லது கணவர் பெயர்னு போட்டிருக்கு."

அக்கா அந்தத் தலைப்பை ஒரு தடவை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். அக்கா, தடுக்க வேண்டிய ஆளின் பெயருக்கு ஒரு இடம் கேட்டார். அஜய்குமார் பெண்ணின் பெயருக்குக் கீழே ஒரு கட்டம் வைத்தான். வைத்த கை சும்மா இருக்கவில்லை. இந்த ஊரில் எந்த ஃபாரத்தை எடுத்தாலும் பெயருக்கு அடுத்த கட்டம் தந்தை அல்லது கணவர்தான். ரேஷன் கார்டில், காலேஜில், கேஸ் கனெக்‌ஷனில், எல்லாவற்றிலும். அதையே எழுதிவிட்டான். எழுதிய பிறகு தந்தை பெயர் இருக்கிறதே என்று அதிலிருந்து ஒரு இனிஷியலையும் பிடுங்கிக்கொண்டான். விடுதியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஒழுங்காக அப்பா பெயரைப் போட, அந்த அப்பாக்கள் எல்லாரும் கேட்டில் தடுக்கப்பட வேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள்.

"ஆண்டவரே" என்றார் அக்கா. "அப்ப பெரியகுளத்துல இருந்து வந்தாரே ஒரு மனுசன்."

"யாரு?"

"மகளப் பாக்க மாம்பழக் கூடையோட வந்தாரு. பாண்டியம்மா பேரக் கேட்டிருக்கா. கேட்டுட்டு, மரியாதையாப் போயிரு இல்லைன்னா வெளக்கமாறுதான்னு சொல்லிருக்கா. கூடைய மட்டும் வாங்கி வச்சுக்கிட்டா. நானும் நெனைச்சேன் தம்பி, இந்தக் காலத்துப் பிள்ளைக ஒண்ணுக்குக்கூடத் தகப்பன் ஆகலையேன்னு. அந்தப் பழத்த வேற எல்லாரும் சாப்பிட்டோம்."

"நல்லா இருந்துச்சா?"

"சும்மா இருடா. வவுத்தெரிச்சல்ல நிக்கேன்."

முதல்முறையாக என்னை டா போட்டார். நான் அனுசுயாவைப் பற்றிச் சொன்னேன். எந்த ஊர், எந்தக் கடை என்பதைச் சொல்லவில்லை. வாசலில் இருக்கும் பையைச் சொன்னேன். திங்கட்கிழமையைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளகிட்ட நீ எப்படிப் பேசுன?"

"நம்பர் ஃபாரத்துல இருந்துச்சு."

"இனிமே அப்படிப் பண்ணாத. எந்தப் பிள்ளைக்கும் நீயாக் கூப்புடக் கூடாது. சொல்லிட்டேன்."

"சரிக்கா."

"இந்த ஒரு வாட்டி நீயே கூப்புட்டு, ஃபாரத்த ஒழுங்கா அனுப்பச் சொல்லு. பேரு அவசியம் வேணும். தகப்பன் பேரு இல்ல. எவன நிறுத்தணுமோ அவன் பேரு. அவ வந்தா நான் சேத்துக்கிருவேன்."

நாற்பத்து மூன்றாம் வரியை அழித்தேன். அதோடு சேர்ந்த சில வரிகளையும். பெயருக்கு முன்னால் இனி எதுவும் ஒட்டாது, பெயர் அவரவர் போட்டபடி போகும். கட்டத்தின் தலைப்பை மாற்றினேன்: உங்களைத் தேடி வந்தால் உள்ளே விடக் கூடாதவர் யாராவது இருந்தால் பெயர். தடுக்க ஆளே இல்லாதவர்களும் இருப்பார்கள் என்பதால் ஸ்டாரை எடுத்தேன். மெயில் நன்றிப் பக்கத்துக்குக் காத்திருக்காமல் உடனே போகும்படி எழுதினேன். மறைத்து வைத்திருந்த நோட்டீஸ்களை மறுபடி திரையில் காட்டச் சொன்னேன். மறைத்து வைத்துக்கொண்டு சோதிப்பதில் அர்த்தம் இல்லை.

சோதிக்க ஒரு பெயர் வேண்டும். சுருளியாண்டி என்று போட்டேன். ஊர் கம்பம். உள்ளே விடக் கூடாதவர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் கர்சர் துடித்தது. என்னைத் தேடி யார் வரப்போகிறார்கள், தடுப்பதற்கு? காலியாக விட்டு அனுப்பினேன். ஒரு நோட்டீஸும் இல்லை. நன்றிப் பக்கம் வந்தது. 'நன்றி, சுருளியாண்டி. விரைவில் உங்களை அழைக்கிறோம்.' அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தப் பதிவை அழித்துவிட்டு, நோட்டீஸ்களை மறுபடி மறைத்தேன்.

அனுசுயா முதல் மணியிலேயே எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. ஃபாரத்தைத் திறந்து அந்தத் தலைப்பை அவளே வாய்விட்டுப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"இப்படி ஒரு ஃபாரத்துல கேப்பாகளா?"

"இதுல கேக்குறாக."

"சார், ரெண்டு பேரு போடலாமா?"

"எத்தனை வேணும்னாலும் போடலாம். எடம் இருக்கு."

அவள் தட்டிக்கொண்டிருப்பது கேட்டது. வைத்துவிடவில்லை. நானும் வைக்கவில்லை. கீழே லாரியில் தார் ஏற்றுகிறவர்கள் பாட்டை வைத்துவிட்டிருந்தார்கள். அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"போயிருச்சு" என்றாள். "நன்றின்னு வந்துருச்சு. வரியே வரல."

"வராது."

"சரி சார்." வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அக்காவிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது. பிள்ளைக்கு ரூம் குடுத்தாச்சு. கூடவே கைகூப்பும் படம். அதன் பிறகு போன் வரவில்லை. வெப்சைட் நன்றாக ஓடியது. நன்றாக ஓடினால் என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? நானே சில நாள் போய் ஏதாவது நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று பதிவைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. மூடிவிடுவேன்.

மழைக்காலம் கேரளப் பக்கம் தொடங்கி, மலை மேல் மேகம் மட்டும் தெரிந்துகொண்டிருந்த ஒரு நாள் அக்கா கூப்பிட்டார். புது போன் வாங்கியிருக்கிறார், மெயில் அதில் வரவில்லை, நேரில் வந்து வைத்துக் கொடுக்க முடியுமா என்றார். போனிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். பஸ் ஏறிப் போனேன்.

விடுதிக் கேட்டில் பாண்டியம்மாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். விளக்குமாறு சுவரில் கைக்கு எட்டும் இடத்தில் சாத்தியிருந்தது.

"யாருப்பா?"

"வெப்சைட் பாக்குறவன். அக்கா வரச் சொன்னாக."

"பேரு?"

"சுருளியாண்டி."

கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். மனசுக்குள் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பார் போல.

"அந்தப் பேரு இல்ல."

"அப்ப உள்ள வரலாமா?"

"அதெப்படி? ஆம்பளைன்னாலே கேட்டோட சரி. பேரு இருந்தா வெளக்கமாறு. உனக்கு வெளக்கமாறு இல்ல, அம்புட்டுத்தான்."

"பெரியகுளத்துக்காரர் மறுபடி வந்தாரா?"

"அவருக்கு இப்பல்லாம் நாற்காலி போடுறேன். வந்தா வெறுங்கையாத்தான் வாராரு."

ஜெபஷீலா அக்கா போனோடு வெளியே வந்தார். கேட்டின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கம்பி வழியாகப் போனை வாங்கி, பாஸ்வேர்டைக் கேட்டு, மெயிலை வரவைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டீ கொண்டுவரச் சொல்லவா என்றார். வேண்டாம் என்றேன். உள்ளே யாரோ கூப்பிட, இருப்பா என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் தணிந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் ஒருத்தி வேகமாக இறங்கி வந்தாள். வெள்ளைக் கோட்டு கையில் மடித்து இருந்தது. முப்பதுக்குள் இருக்கும். நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாண்டியம்மாக்கா, இன்னைக்கு நைட்டு டூட்டி. காலைலதான் வருவேன். என்னைத் தேடி யாரும் வந்தா..."

குரல் தெரிந்தது. லைன் நாற்பத்து மூன்று என்று சொன்ன அதே குரல்.

"ரெண்டு பேரும் எனக்குத் தூக்கத்துலயும் ஞாபகம் இருக்கு ஆத்தா. நீ போ."

கேட்டைத் தாண்டியதும் என்னைப் பார்த்தாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். தெரியாத ஆம்பளை ஒருத்தன் கேட்டில் நிற்கிறான். கை பையை இறுக்கிப் பிடித்தது.

"பயப்படாத" என்றார் பாண்டியம்மாள். "பேரு கேட்டுட்டேன். கம்ப்யூட்டருக்காரரு."

அவள் தலையசைத்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை பேசினால் அவளுக்கும் குரல் தெரிந்திருக்கும். நான் பேசாதது, எந்தப் பிள்ளையிடமும் நீயாகப் பேசாதே என்று அக்கா சொன்னதற்காக அல்ல. அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், நேரமாகிவிட்டது அவளுக்கு. பேசாமல் போனை எடுத்துப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அவள் போன திசையில்தான் பஸ் ஸ்டாண்ட். எனக்கும் அதே வழிதான். நான் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த காதுகுத்துப் போஸ்டரைப் படித்தேன். இருந்த பெயர்கள் அத்தனையும் படித்தேன், தாய்மாமன்கள் உள்பட. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருத்தன் வருகிறான் என்று அவளுக்குத் தோன்றக் கூடாது. தெருமுனையில் அவள் திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

"என்னப்பா, பஸ்ஸு இல்லையா?" என்றார் பாண்டியம்மாள்.

"இருக்கு" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது கம்பம் பஸ் ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. கை காட்டினால் நிறுத்தியிருப்பான். அவள் அதில் இருந்தாலும் இருக்கலாம். அடுத்ததில் போனேன்.